பைக் பல்புகளை எல்இடிக்கு மாற்றப் போகிறீர்களா? ஹெட்லைட்டைக் கடைசியில் தொடுங்கள்

"பழசைக் கழற்று, இதை மாட்டு, வேலை முடிஞ்சுது" என்பார்கள் கடையில். மீட்டர் விளக்குக்கும் ஹெட்லைட் பக்கம் எரியும் குட்டி பார்க் விளக்குக்கும் அது உண்மை. டெயில் லைட்டுக்கு ஓரளவு உண்மை. இண்டிகேட்டரில் மாட்டியதும் கண்டபடி சிமிட்டும். ஹெட்லைட்டில் அப்படி மாட்டினால் எதிரே வருகிறவர் கண் கூசிப் பள்ளத்தில் இறங்குவார், உங்களுக்கும் முன்பைவிட ரோடு குறைவாகத்தான் தெரியும்.

12 வோல்ட் பேட்டரியும் ஹாலஜன் ஹெட்லைட்டும் உள்ள, நம் ஊரில் ஓடும் சாதாரண பைக்குகளுக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். சிறு விளக்குகளில் தொடங்கிப் பின்னால் இருந்து முன்னால் வாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டால், எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே இன்னொரு நாள் போய்விடும்.

1. இப்போது வண்டியில் இருப்பது என்ன பல்பு?

வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் கடைசிப் பக்கங்களில் பல்பு விவரம் இருக்கும். மேனுவல் இல்லையென்றால் பல்பைக் கழற்றி அடிப்பகுதியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். எந்த வண்டி என்று சொல்லிக் கடையில் கேட்பதை நம்ப வேண்டாம். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் ஹோல்டர் மாறும்.

ஹெட்லைட்டில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஹாலஜனோடு வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்றவற்றில் எச்4, 60/55 வாட். 150 சிசி பக்கம் பல வண்டிகளில் எச்எஸ்1, 35/35 வாட். இரண்டும் மூன்று பின் உள்ளவை, பார்க்க ஒன்றுபோல இருக்கும். எச்எஸ்1 இருக்கும் இடத்தில் 60/55 ஹாலஜனைத் திணித்தால் ஹோல்டரும் கப்ளரும் (பல்பின் பின்களில் செருகும் வயர் முனை) உருகும். பழைய வண்டிகள் சிலவற்றில் வட்டமான உலோக அடியுள்ள சிறிய 35/35 பல்பும் உண்டு.

டெயில் லைட் பெரும்பாலும் 5/21 வாட் இரட்டை இழை பல்பு. அடியில் இரண்டு பித்தளைப் புள்ளி, பக்கவாட்டில் இரண்டு முளை. அந்த இரண்டு முளையும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. தலைகீழாக மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி.

இண்டிகேட்டர் பெரும்பாலும் 10 வாட். ஆரஞ்சுக் கண்ணாடிக்குள் வெள்ளை பல்பு என்றால் முளைகள் நேரெதிராக இருக்கும். வெள்ளைக் கண்ணாடிக்குள் ஆரஞ்சு பல்பு என்றால் முளைகள் சற்றே கோணலாக இருக்கும். இரண்டும் மாற்றி உட்காராது. முளையை அரம் போட்டுத் தேய்த்து உட்காரவைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. விடாதீர்கள், ஓட்டத்தில் பல்பு கழன்று ஆடும்.

பார்க் விளக்கும் மீட்டர் விளக்கும் பல வண்டிகளில் உலோக அடியே இல்லாத, கண்ணாடி அடியைச் செருகும் பல்புகள். பெரியது டி10, சிறியது டி5.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, முடிந்தால் பழைய பல்பையே கையில் கொண்டு கடைக்குப் போங்கள்.

2. சட்டம், வாரண்டி, காகிதங்கள்

ஆர்.சி.யில் பல்பு வகை பதிவாவதில்லை, அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அதற்காக எதையும் மாட்டலாம் என்று அர்த்தமில்லை. ஹெட்லைட் யூனிட் அதற்குரிய பல்போடு சேர்த்துத்தான் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெறுகிறது. ஹாலஜன் யூனிட்டுக்குள் எல்இடி போனால் அந்த ஒப்புதல் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

ரோட்டில் உங்களை நிறுத்தவைப்பவை எதிரே கூசும் ஹெட்லைட், முன்னால் நீலம் சிவப்பு நிறங்கள், படபடவென்று வெட்டும் பிரேக் லைட், இருட்டில் தெரியாத நம்பர் பிளேட். இந்த நான்கையும் எப்படியும் செய்யக்கூடாது.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியில் வயரை வெட்டாதீர்கள். பல்பைச் செருகிக் கழற்றுவது தடயம் விடாது, வெட்டி ஒட்டிய வயர் விடும். பேட்டரி போனாலும் ஆர்.ஆர். யூனிட் (சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) போனாலும் சர்வீஸ் சென்டரில் முதலில் காட்டுவது அந்த ஒட்டைத்தான். வயரிங்கில் தீப்பிடித்து இன்சூரன்ஸ் கேட்கப் போனாலும் இதே கேள்வி வரும்.

பதிவு செய்து 15 ஆண்டு ஆன வண்டியை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோய்க் காட்டும்போது விளக்குகளையும் பார்ப்பார்கள். கழற்றிய ஹாலஜன், ஒரிஜினல் ஃப்ளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் சிறு டப்பா), ரப்பர் உறை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள். வாங்கிய எல்இடிக்கு பில்லும் பத்திரம். ஆறு மாத, ஒரு வருட வாரண்டியைப் பில் இல்லாமல் யாரும் மதிப்பதில்லை.

3. உங்கள் ஹெட்லைட் ஏசியா, டிசியா?

இதைப் பார்க்காமல் வாங்கிய எல்இடிகள்தான் ஒரு மாதத்தில் செத்துப்போகின்றன. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டின் காயிலிலிருந்து நேராக ஏசியாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாகப் போகிறது. பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் டிசி. ஹாலஜன் இழைக்கு ஏசியும் ஒன்று, டிசியும் ஒன்று. டிசிக்கென்று செய்த எல்இடி அதில் நடுங்கும், ஐடிலில் மங்கும், ஆக்சிலேட்டர் முறுக்கினால் எகிறும்.

2017 ஏப்ரல் 1-க்கு முன் வந்த வண்டியானால் சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். எரிந்தால் டிசி. எஞ்சின் ஓடினால்தான் எரியும், முறுக்க முறுக்கப் பிரகாசம் கூடும் என்றால் ஏசி. அந்தத் தேதிக்குப் பின் வந்த புது வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. அதனால் எஞ்சின் நிற்கும்போது எரியாததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அப்போது மல்டிமீட்டர் வேண்டும். ஹெட்லைட் கப்ளரில், எஞ்சினை ஓடவிட்டு, டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 12 முதல் 14.5 வரை நிலையாக நின்றால் டிசி. டிசியில் ஒன்றும் காட்டாமல் ஏசியில் காட்டினால் ஏசி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 200, 300 ரூபாய் மஞ்சள் மீட்டர்கள் பலவற்றை ஏசியில் வைத்து டிசி பேட்டரியைத் தொட்டால் 25, 26 வோல்ட் என்று பொய் சொல்லும். சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றித் தொடுங்கள். ஒரு பக்கம் 26, மறுபக்கம் பூஜ்யம் என்றால் அது டிசிதான். உண்மையான ஏசி இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும்.

அதோடு பேட்டரி முனைகளிலும் ஒரு முறை பாருங்கள். 4,000 ஆர்.பி.எம். அளவில் 13.5 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் பழுது. அதைச் சரிசெய்யாமல் எந்த எல்இடி மாட்டினாலும் எரிந்துபோகும். செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு கிக்கரில் ஓட்டுகிறவர்களும் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். எகிறும் வோல்டேஜை அமுக்குவதில் பேட்டரிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏசி வண்டிக்காரர்கள் டெயில், இண்டிகேட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். அவை பெரும்பாலும் பேட்டரி வழிதான், ஆனால் டெயில், மீட்டர் விளக்குகள் சில வண்டிகளில் ஹெட்லைட்டோடு ஏசியில் சேர்ந்திருக்கும், அதையும் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டை டிசியாக்க மேக்னட் காயிலின் எர்த்தைப் பிரித்து, ஃபுல்வேவ் ஆர்.ஆர். யூனிட் போட வேண்டும். எஞ்சின் கவர் கழற்றி, கேஸ்கெட் மாற்றி 2,000, 3,000 ரூபாய் வரை போகும் வேலை. புதியவர் கையில் செய்ய வேண்டியதல்ல.

4. செலவும் நேரமும்

தரத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். தோராயமாக இப்படி வையுங்கள்: டி10 ஜோடி 60 முதல் 150 ரூபாய், டெயில்/பிரேக் எல்இடி 100 முதல் 250, இண்டிகேட்டர் எல்இடி ஒன்று 80 முதல் 200, எல்இடிக்கான ஃப்ளாஷர் 150 முதல் 300, ஹெட்லைட் எல்இடி 800 முதல் 2,500. இதோடு மல்டிமீட்டர் 250, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி வயரை மூடும் குழாய்) 30, நான்கு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) 20 ரூபாய்க்குள். சென்னையில் பல்புகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும், டயோடு, ஸ்லீவ் போன்றவற்றுக்கு ரிச்சி தெருவும்.

டப்பா மேல் இருக்கும் எண்களை வைத்து வாங்காதீர்கள். "120 வாட், 20,000 லூமென்" என்று கட்டை விரல் அளவு பல்பில் போட்டிருப்பார்கள். லூமென் என்பது ஒளியின் அளவு. எச்4 ஹாலஜனே லோ பீமில் (டிம்) ஏறத்தாழ 1,000 லூமென், ஹை பீமில் (பிரைட்) 1,650. அந்தச் சிறு விசிறி 120 வாட் சூட்டை வெளியேற்றவே முடியாது. மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து வயரோடு வரிசையில் சேர்த்துப் பார்த்தால் 1.5, 1.6 ஆம்பியர் காட்டும், அதாவது 20 வாட். அதுவே போதுமான அளவுதான்.

நேரம்: மீட்டர், பார்க் விளக்குக்கு அரை மணி. டெயில் 15 நிமிடம். இண்டிகேட்டர் ஃப்ளாஷரோடு ஒன்றரை மணி. ஹெட்லைட்டுக்கு ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்குங்கள், லெவல் பார்க்க இருட்ட வேண்டும்.

5. மீட்டரும் பார்க் விளக்கும்

செருகுங்கள், சாவியை ஆன் செய்யுங்கள். எரியவில்லையென்றால் பல்பைத் திருப்பிச் செருகுங்கள். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மீட்டருக்குள் ஒரே பக்கம் ஒளி அடிக்கும் எல்இடி போட்டால் முள் தெரியும், எண் தெரியாது. சுற்றிலும் ஒளி விடும் வகையாகப் பாருங்கள்.

இண்டிகேட்டர் அம்புக்குறிக்கு மீட்டரில் இருக்கும் குட்டி பல்பை மட்டும் இப்போது தொடாதீர்கள். காரணம் 7-இல் வரும்.

6. டெயில், பிரேக்

மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

நிறம் முதலாவது. சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் ரோஸ் நிறமாக, சோகையாகத் தெரியும். பழைய பல்பின் இழை ஒளியில் சிவப்பு நிறைய உண்டு. வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம் அதிகம், அதைச் சிவப்புக் கண்ணாடி விழுங்கிவிடும். சிவப்புக்குச் சிவப்பு, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு.

இப்போது அந்த விதியே ஒரு வம்பைக் கொண்டுவருகிறது. உங்கள் டெயில் லைட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் அங்கே நிறமில்லாத ஒரு சிறு ஜன்னல் இருக்கும். அதே பல்பின் ஒளி அதன் வழியே இறங்கித்தான் நம்பர் பிளேட்டில் விழுகிறது. சிவப்பு எல்இடி போட்டால் நம்பர் பிளேட் சிவப்பாகும், எண் இருட்டில் தெரியாது. பின் நம்பர் பிளேட்டில் வெள்ளை ஒளி விழ வேண்டும் என்பது விதி. ஜன்னல் இருந்தால், கீழ்ப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று வெள்ளைச் சில்லு (ஒளி விடும் சிறு துண்டு) பதித்த சிவப்பு எல்இடி கேட்டு வாங்குங்கள், மாட்டும்போது அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்க்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கிடைக்கவில்லையென்றால் பழைய பல்பையே விட்டுவிடுவது நல்லது. நம்பர் பிளேட்டுக்குத் தனி விளக்கு உள்ள வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது பிரேக்கின் பலம். பழைய பல்பில் டெயில் 5 வாட், பிரேக் 21 வாட். நான்கு மடங்கு. மலிவான எல்இடிகளில் டெயிலே பளீரென்று எரியும், பிரேக் பிடித்தால் கொஞ்சம்தான் கூடும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது. நல்ல வெயிலில் ஒருவரை 30 அடி பின்னால் நிற்கவைத்து, நீங்கள் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை தவறினாலும் அந்தப் பல்பு வேண்டாம்.

கடைசியாக ரிவர்ஸ் கரண்ட். பிரேக்கை அழுத்தினால் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறதா? பல்புக்குள் டயோடு இல்லை, பிரேக் லைன் கரண்ட் டெயில் லைனுக்குள் புகுந்து மீட்டர் வரை போகிறது. பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

7. இண்டிகேட்டர்

நிறையப் பேர் சிக்குவது இங்கேதான், கடைக்காரர்களே தவறாகச் சொல்வதும் இங்கேதான்.

ஒரு பக்கம் 10 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 20 வாட், அதாவது 1.6 ஆம்பியர். வண்டியோடு வந்த ஃப்ளாஷர் இந்தக் கரண்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. எல்இடி ஒவ்வொன்றும் 0.1, 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். ஃப்ளாஷர் "ஒரு பல்பு போயிடுச்சு" என்று நினைத்துப் படபடவென்று அடிக்கும், அல்லது சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்து நிற்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவதுதான் சரி.

இதற்குக் கடையில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஒவ்வொரு எல்இடியோடும் 15 ஓம் போல ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பது. அது 10 வாட்டைச் சும்மா சூடாகக் கொட்டி ஃப்ளாஷரை ஏமாற்றும். மிச்சப்படுத்திய கரண்டை வீணாக்குவதோடு, பிளாஸ்டிக் மேல் பட்டால் உருக்கும். எனக்கு இது பிடித்த வழியே அல்ல. இரண்டாவது வழி ஃப்ளாஷரையே எல்இடிக்கானதாக மாற்றுவது. அதைச் செய்யுங்கள்.

ஃப்ளாஷர் எங்கே? இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு 'டிக் டிக்' சத்தத்தைப் பின்தொடருங்கள். சீட்டுக்கு அடியிலோ, சைடு பேனலுக்குள்ளோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ ரப்பரில் தொங்கும். சத்தம் மீட்டருக்குள்ளிருந்தே வந்தால் அதைத் தனியாக மாற்ற முடியாது, அப்படிப்பட்ட வண்டியில் பழைய இண்டிகேட்டர் பல்புகளை விட்டுவிடுங்கள்.

இரண்டு பின் ஃப்ளாஷரில் ஒன்று பேட்டரி, ஒன்று சுவிட்சுக்குப் போவது. மூன்று பின்னானால் கூடுதலாக எர்த். பழையதில் எத்தனை பின்னோ அத்தனை பின்தான் வாங்க வேண்டும். பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டியதும் ஒன்றுமே ஆகவில்லையென்றால் பேட்டரி, சுவிட்ச் வயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். எர்த் வயரை மட்டும் மாற்றிச் செருகிவிடாதீர்கள், ஃபியூஸ் போகும்.

இவ்வளவும் செய்த பிறகு புது வினோதம் ஒன்று வரலாம்: இடது இண்டிகேட்டரைப் போட்டால் நான்கும் சேர்ந்து சிமிட்டும். ஃப்ளாஷர் பழுது என்று இன்னொன்று வாங்க ஓடாதீர்கள். உங்கள் மீட்டரில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே ஒரு அம்புக்குறி விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் அதுதான்.

அந்தக் குட்டி பல்புக்குத் தனி எர்த் கிடையாது. ஒரு முனை இடது லைனிலும் மறுமுனை வலது லைனிலும் இருக்கும். இடதைப் போட்டால் கரண்ட் குட்டி பல்பு வழியாக வலது லைனுக்குப் போய், வலப்பக்க இண்டிகேட்டர் பல்புகள் வழியாக எர்த்தாகும். குட்டி பல்பு விடும் கரண்ட் 10 வாட் இழையைச் சூடாக்கப் போதாது என்பதால் வலது எரிவதில்லை. ஆனால் எல்இடிக்கு அந்தத் துளிக் கரண்டே போதும். அது எரிந்துவிடுகிறது.

தீர்வு இரண்டு டயோடு. 1என்4007 என்று கேளுங்கள், ஒன்றின் விலை இரண்டு மூன்று ரூபாய்தான். குட்டி பல்பின் இரண்டு வயரையும் ஹோல்டரிலிருந்து பிரியுங்கள். இடது லைன் வயரில் ஒரு டயோடு, வலது லைன் வயரில் ஒரு டயோடு. வெள்ளிக் கோடு உள்ள முனை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள். பல்பின் மறுமுனையைப் புதிய வயரால் எர்த்துக்கு இழுங்கள். சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடை வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும்.

குட்டி பல்பை எல்இடியாக மாற்றினாலும் கசிவு குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் எதிர்ப்பக்கம் இருட்டில் மின்மினி போல மினுங்கும். டயோடு போடுவதே முழுத் தீர்வு.

8. ஹெட்லைட்: முதலில் பழைய யூனிட்டின் நிலைமை

எல்இடி வாங்குவதற்கு முன் இரண்டு சோதனை. யூனிட்டுக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு கண்ணாடிபோல மின்னுகிறதா, பழுப்பேறி உரிந்திருக்கிறதா? உரிந்திருந்தால் எந்தப் பல்பு போட்டாலும் ரோட்டில் வெளிச்சம் விழாது. யூனிட்டை மாற்றுங்கள்.

அடுத்து, எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், பல்பு கப்ளரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரியில் 13.2 இருந்து பல்பில் 12 மட்டும் வந்தால், ஹாலஜன் ஒளி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இழையின் ஒளி அதைவிட அதிக விகிதத்தில் இறங்கும். பழைய சுவிட்ச் தொடுமுனைகளும் மெல்லிய வயரும்தான் அதைத் தின்கின்றன. டிசி வண்டியில் 300 முதல் 600 ரூபாய்க்கு ரிலேயோடு கூடிய வயரிங் செட் கிடைக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, தடித்த வயரில் நேராகப் பல்புக்குக் கரண்ட் கொடுக்கும், பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். புது எச்4 ஹாலஜனும் இந்த ரிலே செட்டும் சேர்ந்தால், மலிவான எல்இடியைவிட ரோட்டில் நல்ல வெளிச்சம் தரும். சட்டச் சிக்கலும் இல்லை. என் தேர்வு இதுதான். பெட்ரோல் மிச்சமாகும் என்று எல்இடி மாட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன், பெரும்பாலான பைக்குகளின் ஆர்.ஆர். யூனிட் உபரி மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கும் வகை. மைலேஜ் ஏறாது.

9. எல்இடிதான் வேண்டும் என்றால்

எச்4 ஹாலஜனைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். இரண்டு இழை இருக்கும். லோ பீம் இழைக்குக் கீழே தொட்டில் மாதிரி ஒரு சிறு உலோகத் தகடு. அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைக்கிறது. மேல்நோக்கிப் போகும் ஒளி மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டு ரோட்டை நோக்கி இறங்குகிறது. எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஒளி ஏறாமல் காப்பது அந்தத் துண்டுத் தகடுதான். இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பீம் கலையும்.

ஆகவே எல்இடியில் பார்க்க வேண்டியவை: சில்லுகள் இடம் வலம் என இரண்டு பக்கம் மட்டும் இருக்க வேண்டும், பழைய இழை இருந்த அதே தூரத்தில் இருக்க வேண்டும், லோ பீம் சில்லுக்குக் கீழே அதே போல மறைப்புத் தகடு இருக்க வேண்டும், தண்டு மெல்லியதாக இருக்க வேண்டும். மூன்று பக்கம், நான்கு பக்கம் மஞ்சள் பட்டையாக ஒளி விடும் 200 ரூபாய் பல்பு அடிப்பக்க ரிஃப்ளெக்டரையும் நனைத்து, ஒளியை மரத்தின் உச்சிக்கு அனுப்பும்.

நிறம் 4,300 கெல்வின் (சற்று மஞ்சள் கலந்த வெள்ளை) பக்கம் இருந்தால் மழையில் கறுத்த தார் ரோடு தெரியும். 6,000-க்கு மேல் போனால் வெளிச்சம் கண்ணில்தான் இருக்கும், ஈர ரோட்டில் இருக்காது.

பின்பக்கம் விசிறியும் ஹீட் சிங்க்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) நீட்டும் அளவையும் வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். வட்ட ஹெட்லைட் கிண்ணத்துக்குள் வயர்கள் அடைந்து கிடக்கும், இடமே இருக்காது.

மாட்டும் முறை:

சாவியை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஹெட்லைட் வளையத்தின் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து ஆட்டி எடுங்கள். ரப்பர் உறை, பிறகு ஸ்பிரிங் கிளிப், பிறகு பல்பு. திரும்ப மாட்ட வேண்டிய ஹாலஜன் என்பதால் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய் பட்ட இடத்தில் சூடேறி வெடிக்கும்.

எல்இடியின் காலர் என்ற வளையத்தைத் தனியே கழற்றி, மூன்று முளையும் பள்ளத்தில் உட்காரும்படி வைத்துக் கிளிப்பைப் பூட்டுங்கள். ரப்பர் உறையை மாட்டுங்கள். அதன் பிறகே பல்பை உறை வழியாக நுழைத்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். உறையை வெட்டித் தூக்கி எறிவது பெரிய தவறு, முதல் மழையிலேயே யூனிட்டுக்குள் தண்ணீர். சில்லுகள் நேராக இடம் வலம் பார்க்கின்றனவா, மறைப்புத் தகடு கீழே இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். தலைகீழாக மாட்டினால் லோ பீம் முழுவதும் வானத்துக்குப் போகும்.

டிம், பிரைட் மாறி எரிந்தால் எல்இடியோடு வந்த வயரில் பின்னை மாற்றுங்கள், வண்டியின் கப்ளரில் கை வைக்காதீர்கள். டிரைவர் டப்பாவை (எல்இடிக்குப் போகும் கரண்டைச் சீராக்கும் சிறு பெட்டி) ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை, விசிறியில் எதுவும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு வளையத்தை மூடுங்கள். ஃபியூஸ் அளவைக் கூட்டாதீர்கள்.

10. சுவரில் லெவல் பார்ப்பது

இதைச் செய்யாமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். நீங்கள் சீட்டில் உட்கார, இன்னொருவர் வண்டியை நேராகப் பிடிக்கட்டும். ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பும். தரையிலிருந்து ஹெட்லைட் மையத்தின் உயரத்தை அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்த டேப்புக்கு 5 முதல் 7 செ.மீ. கீழே விழ வேண்டும். யூனிட்டைப் பொறுத்து இடப்பக்க ஓரத்தில் விளிம்பு கொஞ்சம் ஏறலாம், அது ரோட்டோரத்தைக் காட்டுவதற்கு. வலப்பக்கம் ஏறவே கூடாது, எதிரே வருகிறவர் அங்கேதான் இருக்கிறார்.

விளிம்பே இல்லாமல் வெளிச்சம் சுவர் முழுக்கப் பரவிக் கிடந்தால், அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை எவ்வளவு இறக்கினாலும் சரியாகாது. முதலில் பல்பை காலரில் சில டிகிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் விளிம்பு வரவில்லையென்றால் அந்தப் பல்பு உங்கள் யூனிட்டுக்குச் சேரவில்லை. கழற்றி ஹாலஜனை மாட்டுங்கள், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும் சரி. பின்சீட்டில் ஆளோடு அடிக்கடி போகிறவர்கள், ஆளை உட்காரவைத்தும் ஒரு முறை பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் பீம் ஏறும்.

11. முதல் ஒரு மாதம்

முதல் நாள் டிராஃபிக்கில் அரை மணி ஓட்டிவிட்டு வந்து விசிறி சுற்றுகிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். புது வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும், சிக்னலில் காற்றும் இல்லை, எல்இடி சூடேறிச் சாவது அப்போதுதான். ஓடத் தொடங்கிய அரை மணியில் ஒளி கண்ணுக்குத் தெரியும்படி மங்கினால் ஹீட் சிங்க் போதவில்லை, வாரண்டியில் மாற்றுங்கள்.

முதல் மழைக்குப் பின் யூனிட்டுக்குள் பனி படிகிறதா என்று பாருங்கள். ஹாலஜன் சூட்டில் அது தானாக உலர்ந்துவிடும். எல்இடி முன்பக்கம் சூடாகாததால் தங்கிவிடும், நாளடைவில் வெள்ளிப் பூச்சை உரித்துவிடும். பனி நின்றால் ரப்பர் உறையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாத முடிவில் கப்ளரைக் கழற்றி, பின்களும் பிளாஸ்டிக்கும் கறுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. சீட்டுக்கு அடியில் பழைய ஹாலஜன் ஒன்றைத் துணியில் சுற்றி, ஒரு ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர், இரண்டு ஃபியூஸோடு வையுங்கள். எல்இடி போகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் மொத்தமாகப் போகும். இரவில் ஊருக்கு வெளியே அப்படி நடந்தால் இந்தப் பொட்டலத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் பழைய பல்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.